ஆடாத தண்ணீர்

அஞ்சுகம் பாய்லர் பக்கம் வந்தது சாம்பல் அள்ளத்தான். காரைக்காலுக்குப் பக்கத்தில் நெரவியை ஒட்டி ஒரு புழுங்கலரிசி ஆலை இருந்தது. உமியை எரித்து ஆவி எழுப்பி, அந்த ஆவியில் நெல்லை அவிப்பார்கள். அடுப்புக்கடியில் குவியும் கரிய சாம்பலைக் கூடையில் வாரிக்கொண்டு போய்ப் பின்கட்டில் கொட்டுவது பெண்களின் வேலை. மற்றவர்கள் கொட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அஞ்சுகம் மட்டும் திரும்பி வந்து பாய்லர் முன்னால் நின்றுகொண்டிருப்பாள். அழுத்தம் காட்டும் முள் எப்போது ஏறுகிறது, நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன் எப்போது எந்த வால்வைத் திருப்புகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"அதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டான் அவள் கணவன் நெடுமாறன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன்.

"உள்ள என்னமோ நடந்துகிட்டே இருக்குங்க. நம்ம கண்ணுக்குத் தெரியறது இம்புட்டூண்டு கண்ணாடியும் ஒரு முள்ளும்தான். அதை வச்சே எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுறாரு அந்தாளு."

நெடுமாறன் சிரித்தான். அவனுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அவள் பிளஸ் டூ படித்தவள், நினைத்ததை விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் உமி தள்ளப் பழகினாள். வால்வு பிரிக்கப் பழகினாள். சில வருஷங்கள் உதவியாளாக இருந்துவிட்டுப் பாய்லர் அட்டெண்டன்ட் பரீட்சைக்கும் போய் உட்கார்ந்தாள். வாய்மொழித் தேர்வு நடந்த அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்தவள் என்று நினைத்து அவளிடம் ஒருவர் தண்ணீர் கேட்டார்.

உள்ளே இருந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "பாய்லர் கிளாஸ்ல தண்ணி தெரியல. நெருப்பு நல்லா எரியுது. என்ன செய்வீங்க?"

"தண்ணி விடமாட்டேன் சார்."

"தண்ணி இல்லேன்னா தண்ணி விடணும்தானே?"

"தகடு காஞ்சு செவந்து கெடக்கும் சார். அதுமேல பச்சத்தண்ணி பட்டா மொத்தமும் ஒரே நேரத்துல ஆவியாயிடும். பாய்லர் தாங்காது, வெடிச்சிடும். காத்தை அடைப்பேன். சாம்பலைப் போட்டு நெருப்பை அமுக்குவேன். ஆளுங்களை வெளியில அனுப்பிடுவேன். தானா ஆறுற வரைக்கும் வேற எதையும் தொடமாட்டேன்."

அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சான்றிதழ் வந்தது. அதன்பிறகு ஆலை கைமாறி, இயந்திரங்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போகும் வரை அந்தப் பாய்லரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு சின்ன விபத்துகூட நடக்கவில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர உண்டு.

ஆலை போனபிறகு வீட்டில் சும்மா இருந்தவளைத் தேடிக்கொண்டு வந்தவர் கார்த்திகேசன். காரைக்கால் டவுனில் பிறந்து, பிரான்ஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே இருக்கும்போதே ஓய்வு நாட்களில் சொந்தக் கையால் ஒரு சின்ன நீராவிப் படகு கட்டியிருந்தார். ஊருக்கு வரும்போது அதைக் கண்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். தாயாரின் பெயரை அதற்கு வைத்தார்: சொர்ணாம்பாள்.

"எஞ்சினை நான் பாத்துக்குவேன், சுக்கானையும் நான் புடிச்சுக்குவேன். ஆனா ஒரே ஆளு ரெண்டையும் பாத்துக்கிட்டு பாய்லரையும் பாக்க முடியாது. சான்று வாங்குன ஆளு வேணும். நீங்க வர்றீங்களா மதாம்?" என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி அவளை யாரும் மதாம் என்று கூப்பிட்டதில்லை. சிரிப்பு வந்தது. படகைப் போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றது பாய்லர். தொட்டால் சுடாமலிருக்கச் சுற்றிலும் தேக்குப் பட்டை வைத்து, பித்தளை வளையம் போட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிதாக எஞ்சின். ஆலையில் பார்த்த எல்லாமே இங்கேயும் இருந்தன. கையடக்கமாக இருந்தன, அவ்வளவுதான்.

எரிக்கச் சவுக்குக் கட்டை. அரசலாற்றுத் தண்ணீர் கழிமுகத்துக்குப் பக்கத்தில் உப்புக் கரிக்கும் என்பதால், பாய்லருக்கு வேண்டிய நல்ல தண்ணீர் இருக்கைக்கு அடியில் தொட்டியில் இருந்தது. எஞ்சின் ஓடும்போதே அதோடு சேர்ந்த பம்பு ஒன்று தொட்டித் தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளும். உள்ளே தண்ணீர் போதுமென்றால் ஒரு வால்வைத் திறந்துவிட்டால் போதும், பம்புத் தண்ணீர் பாய்லருக்குப் போகாமல் தொட்டிக்கே திரும்பிவிடும். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் என்று காட்டுவது கேஜ் கிளாஸ் என்கிற நெட்டுக்குத்தான கண்ணாடிக் குழாய். மேல்நுனி ஆவிக்கும் கீழ்நுனி தண்ணீருக்கும் திறந்திருக்கும். உள்ளே தண்ணீர் எந்த மட்டமோ, குழாயிலும் அதே மட்டம். பாய்லர்காரருக்குக் கண் அதுதான்.

பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்தார். விசேஷ நாட்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்திலிருந்து கழிமுகம் வரை போய்த் திரும்புவார்கள். கார்த்திகேசனுக்கும் அஞ்சுகத்துக்கும் அடிக்கடி சண்டை வரும். கட்டை ஈரம் என்பாள் அவள். புகைபோக்கியில் கரி பிடித்திருக்கிறது என்பார் அவர். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

அந்தக் காணும் பொங்கலன்று நெடுமாறனும் படகில் ஏறினான். அத்தனை வருஷத்தில் மனைவி வேலை செய்து அவன் பார்த்ததே இல்லை. துறைமுகத்துக்கு லீவு. புது வேட்டி கட்டிக்கொண்டு, பாய்லருக்குப் பக்கத்துப் பலகையில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். மற்றவர்கள் நெரவியிலிருந்து வந்த ஒரு குடும்பம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் சிதம்பரநாதன், அவர் மனைவி தேவிகா, இரண்டு வயசுப் பையன், தங்கை, தங்கை புருஷன். தேவிகா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பையன் படகு கிளம்பிய சற்று நேரத்தில் அசந்துவிட்டான். காற்று குளிர்ந்திருந்தது. பாய்லரைச் சுற்றியிருந்த தேக்குப் பட்டை வெதுவெதுவென்று இருந்ததால், தேவிகா அவனை அதன்மேல் சாய்த்தபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் அஞ்சுகம் செய்யவேண்டியதையெல்லாம் செய்திருந்தாள். கேஜ் கிளாஸின் இரு நுனியிலும் உள்ள காக்கு என்கிற திருகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, ஆவியும் தண்ணீரும் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்திருந்தாள். எல்லாம் சரி.

பாலத்தைத் தாண்டியதும் நெடுமாறன் வேட்டியை உதறினான்.

"இந்தா பாரு, இது ஒழுவுது. மேல தெறிக்குது."

கேஜ் கிளாஸின் கீழ் நட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. சின்ன விஷயம். கண்ணாடிக் குழாயைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அஞ்சுகம் முறைப்படி மேல் காக்கு, கீழ் காக்கு இரண்டையும் மூடினாள். ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினாள். கசிவு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நின்றது. காக்குகளைத் திறந்துவிட்டாள். கண்ணாடியில் பாதிக்குமேல் தண்ணீர் நின்றது.

"அவ்ளோதானா?" என்றான் நெடுமாறன்.

"அவ்ளோதான்."

அவன் முகத்தில் தெரிந்த மதிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டையை எப்படி அடுக்க வேண்டும், ஏன் அடுப்புக் கதவை அகலத் திறந்து வைக்கக்கூடாது என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தபோது தண்ணீர் முன்னைவிடச் சற்று ஏறியிருந்தது. பம்பு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வால்வைத் திறந்து பம்புத் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிட்டாள். மறுபடி பார்த்தபோதும் தண்ணீர் குறைந்திருக்கவில்லை. அதனால் வால்வை அப்படியே விட்டுவிட்டாள்.

இடதுபக்கம் கடற்கரைச் சாலை முழுக்க ஜனம். புதுத்துணியும் பலூனும் ஐஸ் வண்டியுமாக ஒரே சத்தம். படகைப் பார்த்துக் கையாட்டினார்கள். கார்த்திகேசன் விசிலை இழுத்துவிட்டார். அப்போது எதிரே மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு வேகமாகக் கடந்துபோனது. அது கிளப்பிய அலையில் சொர்ணாம்பாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகவே ஆடியது. பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். நெடுமாறன் பலகையைப் பிடித்துக்கொண்டான். தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

அஞ்சுகம் பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் தண்ணீர் ஆடவில்லை.

படகு சாய்ந்தது. தண்ணீர் மட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. படகு மறுபக்கம் சாய்ந்தது. அப்போதும் அது அசையவில்லை. சுவரில் மாட்டிய படத்தில் வரைந்த தண்ணீர் போல நின்றது. முதலில் அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. தலைக்குள் எல்லாச் சத்தமும் ஓய்ந்துபோன மாதிரி இருந்தது. பிறகு பாய்லரை நோக்கிக் குனிந்தாள்.

பாய்லரின் உடம்பிலேயே மேலும் கீழுமாக மூன்று சின்னக் குழாய்கள் உண்டு. கண்ணாடியை நம்பமுடியாதபோது திறந்து பார்ப்பதற்கு. நடுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவேண்டிய இடம். வெறும் ஆவி சீறியது. கீழ்க் குழாயைத் திறந்தாள். அதிலும் ஆவி. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

தேர்வில் கேட்ட கேள்வி கண்ணாடியில் தண்ணீர் தெரியாததைப் பற்றியது. கண்ணாடி நிறையத் தண்ணீர் தெரிந்து, பாய்லருக்குள் இல்லாமற்போனால் என்ன செய்வாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. எவ்வளவு நேரமாக இப்படி? அடுப்பின் கூரைத் தகட்டுக்குமேல் இன்னும் எத்தனை விரல் தண்ணீர் இருக்கிறது? ஒரு விரலா? ஒன்றுமே இல்லையா? பம்பு வால்வின்மேல் அவள் கை போய்விட்டது. ஒரு திருப்புத் திருப்பினால் தண்ணீர் உள்ளே போகும். உடம்பு முழுக்க அதைத்தான் செய்யச் சொன்னது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிற மாதிரி அந்தக் கையை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அய்யா, எஞ்சினை நிறுத்துங்க. மெதுவா."

கார்த்திகேசன் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏனென்று கேட்கவில்லை. ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "தண்ணி இல்ல. கிளாஸ் பொய் சொல்லுது" என்றாள். அவர் உதடுகள் வெளுத்துப்போயின.

அடுப்புக்குக் காற்று போகும் கதவை அடைத்தாள். தீயணைக்க வைத்திருந்த வாளி மணலையும், சாம்பல் தட்டில் கிடந்த சாம்பலையும் எரிகிற சவுக்கின்மேல் பரப்பி, அடுப்புக் கதவைச் சாத்தினாள். அவசரத்தில் மணலில் பாதி காலில் கொட்டியது. பிறகு தேவிகாவிடம் போனாள்.

"கொழந்தையைத் தூக்கிட்டு முன்பக்கம் போயிடுங்கம்மா."

"தூங்குறான். இப்பதான் தூங்குனான்."

"போங்கம்மா." குரல் கடுமையாக வந்துவிட்டது. தேவிகா முகம் சுண்டிப்போய் எழுந்தாள்.

ஃபைபர் படகுக்காரன் திரும்பி வந்து பக்கத்தில் நிறுத்தினான். கோவிந்தராசு என்று பெயர், மண்டபத்தூர்க்காரன். "என்னக்கா, கப்பல் நின்னுபோச்சா?" என்று சிரித்தான்.

"தம்பி, கயிறு போடு. கரையில கொண்டுவிடு. ஆனா மெதுவா இழு. ஆடவே கூடாது."

தகடு காய்ந்திருந்தால், அடியில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஒரு பெரிய ஆட்டத்தில் தளும்பி அதன்மேல் பட்டாலே போதும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோவிந்தராசு அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. எண்ணெய்க் குடத்தை நகர்த்துகிறவனைப் போல அவ்வளவு நிதானமாக இழுத்தான். சாலைக்கு எதிர்க்கரையில் ஆள் இல்லாத சேற்றுத் திட்டு ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"எல்லாரும் எறங்குங்க. எறங்கி அந்தப் பனைமரம் வரைக்கும் போயிடுங்க."

"இதென்ன, சேத்துல எறங்கச் சொல்றீங்க?" என்று சிதம்பரநாதன் கத்தினார். "ரிப்பேர்னா சரிபண்ணிட்டுக் கெளம்புங்க. பொம்பளைங்க எப்படி எறங்குவாங்க?"

கார்த்திகேசன் அவர் கையைப் பிடித்து ஏறக்குறைய இழுத்தே இறக்கினார். தேவிகாவின் பட்டுப்புடவை முழங்கால் வரை சேறானது. பையன் விழித்துக்கொண்டு வீறிட்டான். நெடுமாறன் மட்டும் இறங்கவில்லை.

"நீ வா."

"இந்தப் புகைபோக்கிக் கதவையும் சாத்திட்டு வந்துடுறேன். நீங்க போங்க."

"நீ இல்லாம நான் எறங்கமாட்டேன்."

"நீங்க இங்க நின்னா எனக்குக் கை ஓடாதுங்க. போங்களேன்!"

அவன் போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவள் வேலையை முடித்துவிட்டுச் சேற்றில் கால்வைத்துச் சில எட்டு வந்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் பூமியே மூச்சுவிட்ட மாதிரி ஒரு சத்தம். சேற்றில் குப்புற விழுந்தாள்.

அடுப்பின் கூரைத் தகட்டில் ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதன் நடுத் துளையை வெள்ளீயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். தகட்டின்மேல் தண்ணீர் நிற்கும்வரை அது உருகாது. தண்ணீர் வற்றி அனல் ஏறினால் ஈயம் உருகித் துளை திறந்துகொள்ளும். பாய்லர் ஆவி அந்த வழியாக அடுப்புக்குள் பாய்ந்து நெருப்பை அணைத்துவிடும். அவள் கேட்ட சத்தம் அதுதான். வெடிப்பு இல்லை. படகு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்தது. புகைபோக்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு பனைமர உயரத்துக்கு ஆவி பீய்ச்சி அடித்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடற்கரைச் சாலையில் நின்ற ஜனம் கைதட்டியது. பையன்கள் விசிலடித்தார்கள். எல்லாரும் போனைத் தூக்கிப் படம்பிடித்தார்கள். காணும் பொங்கலுக்காகப் படகுக்காரர் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். சேற்றில் உட்கார்ந்தபடி அஞ்சுகம் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாய்லர் ஆறிக் குளிர்ந்த பிறகு கார்த்திகேசனும் அவளுமாகக் கேஜ் கிளாஸைக் கழற்றினார்கள். கீழ் நட்டைத் தளர்த்தி அவர் கண்ணாடிக் குழாயை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கீழ்நுனியில் ரப்பர் வளையம் உள்பக்கமாகப் பிதுங்கி, குழாயின் வாயை முழுக்க மூடியிருந்தது. அவள் இறுக்கிய இறுக்கில் போக வேறு வழியில்லாமல் ரப்பர் உள்ளே பிதுங்கியிருக்கிறது. குழாயில் அப்போது நின்ற தண்ணீர் அப்படியே சிறைப்பட்டுவிட்டது. மேலே வந்து குளிர்ந்த ஆவியும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறது. பாய்லருக்குள் தண்ணீர் குறையக் குறைய, கண்ணாடியில் ஏறியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவள் பம்பைத் திருப்பிவிட்டிருந்தாள்.

"யார் இதை டைட் பண்ணுனது?" என்றார் அவர், மெதுவாக.

"நான்தான் அய்யா. வர்ற வழியில. ஒழுவுச்சு."

"அப்புறம் காக்கு ரெண்டையும் தெறந்து பாத்தீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை. காலையில் பார்த்ததோடு சரி. இறுக்கிய பிறகு பார்க்கவில்லை. இரண்டு காக்குகளைத் திருப்பினால் முடிகிற வேலை. ஆலையில் அத்தனை காலம் அவள் மற்றவர்களைக் கடிந்துகொண்ட வேலை.

கார்த்திகேசன் அந்த வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "இது ஒரிஜினல் இல்ல மதாம். அது தேஞ்சுபோச்சுன்னு, போன மாசம் நம்ம கடைத்தெருவுல வெட்டி வாங்கிப் போட்டேன். ரொம்ப மெத்துனு இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். நெனச்சுட்டு விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போல உலை வைக்கப் போனாள். குக்கரில் அரிசியைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். ஆவி முதலில் மெல்லச் சீறத் தொடங்கியதுமே அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிட்டாள். ஓடி வந்த பிறகுதான் தான் ஓடியிருப்பதே அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு பானையில்தான் வெந்தது. நெடுமாறனும் மாறித்தான் போயிருந்தான். லாரியை விட்டு இறங்கி வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனவன் வந்த வேகத்தில் திரும்பி வந்தான். முகம் கன்றியிருந்தது.

"அந்தாளு சிதம்பரநாதன் கடையில உக்காந்து சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்காரு. ஓட்டைப் படகு, பாதியில சேத்துல எறக்கி விட்டுட்டாங்க, பொண்டாட்டி பட்டுப்புடவை போச்சுன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க அஞ்சுகம். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

"தெரியலேன்னா விடுங்க."

"எப்படி விடுறது?" அவன் குரல் உடைந்தது. "நான்தான சொன்னேன், ஒழுவுதுன்னு. எம்வேட்டி நனையுதுன்னுதான நீ அதை முறுக்குன. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

அஞ்சுகம் திகைத்துப்போய் நின்றாள். இத்தனை நாளும் அவள் தன்னைத் தவிர யாரையும் இதில் நினைத்துப் பார்க்கவில்லை. வாசற்படியில் அவன் உட்கார்ந்திருந்ததெல்லாம் இதற்காகத்தானா? ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதே பாரத்தைச் சுமந்திருக்கிறார்கள்.

"ஒழுவுனதைச் சொல்லாம இருந்தாத்தாங்க தப்பு" என்றாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் இரண்டு பேருமாகச் சிதம்பரநாதன் வீட்டுக்குப் போனார்கள். போகவேண்டுமென்று முடிவெடுத்தவள் அஞ்சுகம்தான். தெரியாமல் சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு அவளால் ஊரில் நடமாட முடியவில்லை. சிதம்பரநாதன் வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டார். புடவைக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க, சலவைக்குப் போட்டாச்சு" என்றார்.

அஞ்சுகம் நடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைப் பற்றி, ரப்பரைப் பற்றி, தகட்டைப் பற்றி. தன் கைதான் அதை முறுக்கியது என்பதையும் மறைக்கவில்லை. கரையில் ஏன் அவ்வளவு அவசரமாக இறக்கினோம் என்பதையும் சொன்னாள். சிதம்பரநாதனின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தேவிகா முன்னால் வந்தாள். இடுப்பில் பையன்.

"எம்புள்ள அதுமேல சாஞ்சுகிட்டு வந்தான்" என்றாள்.

"ஆமாம்மா."

"நான்தான் சாச்சு வச்சேன். சூடா இருக்குன்னு."

அஞ்சுகம் பையனைப் பார்த்தாள்.

"இதை இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" தேவிகாவின் குரல் உயர்ந்தது. "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க, மனசு லேசாயிடும். இனிமே நான் எப்படித் தூங்குறது? எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்ல? போங்க. தயவுசெஞ்சு போயிடுங்க."

அஞ்சுகமும் நெடுமாறனும் வெளியே வந்தார்கள். அவள் எதிர்பார்த்தது கோபத்தைத்தான். ஆனால் முறுக்கியதற்காக இல்லாமல், வந்து சொன்னதற்காகக் கோபம் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கு இன்றுவரை முடிவாகத் தெரியாது. அதன்பிறகு சிதம்பரநாதன் டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

பாய்லரைத் திருச்சியிலிருந்து வந்தவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கூரைத் தகடு லேசாக உள்வாங்கியிருந்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த ஒருவர், அவள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதுத் தகடு போட்டு, இன்ஸ்பெக்டர் மறுபடி சோதித்து, அனுமதி வருவதற்குள் வெயில்காலம் வந்துவிட்டது. கார்த்திகேசன் இந்தமுறை ஒன்றுக்கு இரண்டு கேஜ் கிளாஸ் பொருத்தினார். ரப்பர் வளையம் பிரான்ஸிலிருந்து வந்தது.

ஒருநாள் அவர் தயங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "வேற ஆளு பாக்கட்டுமா மதாம்? நீங்க வரலேன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

அஞ்சுகம் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பானையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"வேற ஆளு வந்தா, அவுங்க கிளாஸைப் பாத்து நம்பிடுவாங்க அய்யா" என்றாள். "நான் இனிமே நம்பமாட்டேன்."

போனாள். முதல்நாள் நெருப்பு மூட்டும்போது தீக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கார்த்திகேசன் பார்க்காத மாதிரி சுக்கானைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஒரு நட்டைத் தொட்டால், ஒரு வால்வைத் திருப்பினால், இரண்டு கண்ணாடியையும் திறந்து மூடிச் சோதித்த பிறகே அடுத்த வேலை. நடு ஆற்றில் இருந்தாலும் சரி, ஏறினவர்கள் முணுமுணுத்தாலும் சரி.

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் பெண்கள் கூட்டம். சொர்ணாம்பாள் கரையில் கட்டியிருந்தது. அஞ்சுகம் சோதனை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, படித்துறையில் தேவிகா நின்றிருந்தாள். கையில் தட்டு. பையன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பாத்தாச்சா?" என்றாள் தேவிகா.

"பாத்தாச்சும்மா."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

தேவிகா இன்னும் கொஞ்சம் நேரம் நின்றாள். படகில் ஏறவில்லை. ஏறவேண்டுமென்று அழுத பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு படி கீழே இறங்கி வந்து, தட்டிலிருந்து வெல்லம் கலந்த காப்பரிசியை ஒரு கை அள்ளி நீட்டினாள். கரி படிந்த இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி அஞ்சுகம் அதை வாங்கிக்கொண்டாள். தேவிகா திரும்பிப் படியேறிப் போய்விட்டாள்.

"மதாம், போகலாமா?" என்று கார்த்திகேசன் பின்னாலிருந்து கேட்டார்.

"இருங்க அய்யா" என்றாள் அஞ்சுகம். கையிலிருந்த காப்பரிசியை ஒரு மணி விடாமல் மென்று முடித்த பிறகே நெருப்பின் பக்கம் திரும்பினாள்.